எல்லாப்பிரகடா சுப்பாராவ்: ஆன்டிபயாடிக் அல்லாத மருந்துகளைப் பற்றிப் பேசும்போது இவர் பெயர் ஏன் வரவேண்டும்?

திருவனந்தபுரம்: ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நீல நிற உறையில் போட்டுக் கொடுக்கும்படி கேரள அரசு மருந்தகங்களை அறிவுறுத்தியிருக்கிறது. உறையைப் பார்த்ததுமே இது சாதாரண மாத்திரை இல்லை, நடுவில் நிறுத்தக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கக்கூடாது என்று புரியவேண்டும். அதுதான் நோக்கம். நுண்ணுயிர் எதிர்ப்புத் திறனைச் சமாளிக்க இந்தியாவிலேயே முதன்முதலாக மாநில அளவில் செயல்திட்டம் கொண்டுவந்ததும் கேரளம்தான், 2018-ல்.

நல்ல யோசனை. ஆனா அந்த நீல உறை, நமக்கே தெரியாமல், இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறது. மருந்துகளில் இரண்டு சாதி இருக்கிறது, ஒன்று பாக்டீரியாவைத் தொடும், மற்றது தொடாது என்று. பாக்டீரியாவுக்கு இந்தப் பாகுபாடு தெரியுமா?

தெரியாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தினர் 2018-ல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சந்தையில் இருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை எடுத்து, நம் குடலில் வாழும் 40 வகை பாக்டீரியாக்கள் மீது ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். மனித உடலின் செல்களைக் குறிவைத்துத் தயாரிக்கப்பட்ட மருந்துகளில், அதாவது நீல உறைக்குள் போகாத மருந்துகளில், 24 சதவீதம் குறைந்தது ஒரு பாக்டீரியாவின் வளர்ச்சியையாவது தடுத்தது. நாலில் ஒன்று.

இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டுதான் இப்போது பல ஆய்வகங்கள் இன்னொரு கேள்விக்குப் போயிருக்கின்றன: பாக்டீரியாவைக் கொல்லாமல், அது கூட்டமாகச் சேர்ந்து கட்டும் கோட்டையை மட்டும் கட்டவிடாமல் செய்ய, ஏற்கெனவே நம் அலமாரியில் இருக்கும் மருந்து ஏதாவது உதவுமா? அந்தக் கோட்டைக்குப் பெயர் பயோஃபிலிம்.

இந்தக் கேள்விக்கு இன்னும் முடிந்த பதில் இல்லை. ஆனால் மருந்துகளுக்கு இடையே நாம் போட்டுவைத்திருக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்பதைப் புரிந்துகொள்ள ஒருவருடைய வாழ்க்கையைச் சொன்னால் போதும். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948-லேயே இறந்துவிட்டார். உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் அவர் பெயர் இல்லாமல் அவர் இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் பயோஃபிலிம் என்றால் என்ன?

காலையில் எழுந்ததும் பல்லை நாக்கால் தடவினால் ஒரு வழவழப்பு தெரியும். குளியலறை வாளியை நாலு நாள் தேய்க்காமல் விட்டால் உள்பக்கம் அதே வழவழப்பு வரும். இரண்டும் பயோஃபிலிம்தான். தனியாக மிதக்கும் பாக்டீரியா ஒரு பரப்பில் போய் ஒட்டுகிறது, பெருகுகிறது, தன்னைச் சுற்றிச் சர்க்கரையும் புரதமும் கலந்த ஒரு பசையைச் சுரந்து அதற்குள் குடியேறுகிறது.

வாளியில் இருந்தால் தேய்த்துக் கழுவிவிடலாம். சிறுநீர்க் குழாயிலோ, செயற்கை மூட்டிலோ, இதய வால்விலோ இருந்தால்? திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இந்தியாவிலேயே உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. எந்த நிறுவனத்தின் வால்வாக இருந்தாலும், அதைப் பொருத்திக்கொண்டவர்கள் பல் பிடுங்கப் போனால்கூட முன்கூட்டியே ஒரு வேளை ஆன்டிபயாடிக் சாப்பிடச் சொல்வார்கள். வாயிலிருக்கும் பாக்டீரியா ரத்தத்தில் இறங்கி, வால்வில் ஒட்டி, பசை கட்டிவிட்டால் பிறகு அதை அசைப்பது பெரும்பாடு என்பதால்தான்.

ஏன் பெரும்பாடு? மருந்து பசைக்குள் மெதுவாகத்தான் இறங்கும். அடியில் இருக்கும் பாக்டீரியா பட்டினியில் கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருக்கும். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளோ வேகமாக வளரும் செல்லைத்தான் பிடிக்கும். இன்னும் மோசம், கொல்லும் அளவுக்குக் குறைவாக மருந்து போனால் சில பாக்டீரியாக்கள் பயந்துபோய் இன்னும் தடிமனாகக் கட்டுகின்றன. டோப்ராமைசின் வகை மருந்துகளில் இது 2005-லேயே காட்டப்பட்டது.

அதனால்தான் கொல்லாமல் தடுப்பது என்ற எண்ணம் கவர்ச்சியாக இருக்கிறது. கொல்லப்படாத பாக்டீரியாவுக்கு எதிர்ப்புத் திறனை வளர்த்துக்கொள்ளும் நெருக்கடி குறையும் என்பது நம்பிக்கை. சளியை இளக்கும் என்-அசிட்டைல்சிஸ்டீன் இந்த வகையில் 1990-களிலிருந்தே சோதிக்கப்பட்டு வருகிறது.

இப்போது அந்த மனிதருக்கு வருவோம்.

மூன்றாவது முயற்சியில் மெட்ரிக்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திரா, அன்று மெட்ராஸ் மாகாணம். அப்பா வருவாய்த் துறையில் சின்ன வேலையில் இருந்து சீக்கிரமே ஓய்வு பெற்றவர். வீட்டில் ஏழு பிள்ளைகள், வறுமை. சிறுவனாக இருந்தபோது காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பினார் என்றும், அம்மா வெங்கம்மா பிடித்து இழுத்துவந்தார் என்றும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். படிப்பிலும் பெரிய சூரர் என்று சொல்ல முடியாது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிக் தேறினார்.

மாநிலக் கல்லூரியில் படித்தபோது துறவியாகிவிட ஆசை வந்தது. ராமகிருஷ்ண மடத்தினர், மருத்துவம் படித்துவிட்டு வந்தால் மடத்தின் மருத்துவமனைகளுக்கு உதவும் என்று திருப்பி அனுப்பினார்கள். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவை சிகிச்சை அறைக்குக் கதர் அங்கியோடு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியும் அவருக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, ஒரு படி குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு மெட்ராஸ் மருத்துவப் பணியில் நுழைய முடியவில்லை. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியர் வேலை கிடைத்தது.

இதற்கு நடுவே நடந்ததுதான் அவரை ஆட்டிவைத்தது. அவருடைய அண்ணன் தம்பி இருவர், எட்டே நாள் இடைவெளியில், ‘ட்ராபிகல் ஸ்ப்ரூ’ என்ற நோயில் இறந்துபோனார்கள். குடல் சத்தை உறிஞ்ச முடியாமல் போய், ரத்தம் சுண்டி, ஆள் உருக்குலைந்து போகும் நோய் அது. அன்றைக்கு நவீன மருத்துவத்தில் அதற்கு மருந்து இல்லை.

1920-களின் தொடக்கத்தில் மாமனார் தந்த பணத்தோடும் காக்கிநாடாப் பகுதியின் ஓர் அறக்கட்டளை உதவியோடும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கர்ப்பிணி மனைவியிடம் சில வருடங்களில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவர். திரும்பவே இல்லை.

இதை எழுதும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. அவரைப் பற்றிய பாராட்டுக் கட்டுரைகள் எல்லாமே இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிப்போய்விடுகின்றன. அந்தப் பெண்ணின் பெயர் சேஷகிரி. கணவருடைய கண்டுபிடிப்புகளுக்கு அவர் கொடுத்த விலை எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

ஹார்வர்டில் இரவுப் பணியாளர்

பாஸ்டனில் ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் படிப்பு. எல்.எம்.எஸ். பட்டத்துக்கு அங்கே மருத்துவராக வேலை பார்க்க அனுமதியில்லை. எனவே மருத்துவமனையில் இரவுப் பணியாளராகச் சேர்ந்து நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவினார். டிப்ளமோ முடித்ததும் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் சேர்ந்தார்.

உயிர்வேதியியல் படித்த யாரையும் கேளுங்கள், ‘ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை’ என்பார்கள். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று நிறத்தை வைத்தே அளக்கும் முறை, 1925-ல் வெளியானது. ஆய்வகப் பதிவேட்டில் அந்தப் பெயரை எழுதிய பலருக்கும் அதில் பாதி பீமவரத்துக்காரர் என்பது தெரியாது.

அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு தசைக்குள் தேடியபோது 1927-ல் பாஸ்போகிரியேட்டின் கிடைத்தது. பிறகு ஏ.டி.பி. உடலின் சக்தி நாணயம் என்று பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோமே, அதேதான். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே சமயத்தில் தனியாக அதைக் கண்டுபிடித்திருந்தார். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று சொல்லி 1922-க்கான நோபல் பரிசு வாங்கிய ஹில், மேயர்ஹோஃப் இருவருடைய விளக்கம் இந்தக் கண்டுபிடிப்புகளால் ஆட்டம் கண்டது.

1930-ல் முனைவர் பட்டம் கிடைத்தது. நிரந்தரப் பதவி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அதே ஆய்வகத்தில் அப்போது மாணவராக இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் (இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்), சுப்பாராவ் பிரித்தெடுத்த சில வேதிப்பொருட்களை ஃபிஸ்கே பொறாமையால் வெளியிட விடவில்லை என்றும், வருடங்கள் கழித்து மற்றவர்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும் பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். அடக்கம், கூச்சம், தன் பெயரைத் தள்ளி முன்னால் நிறுத்தத் தெரியாமை எல்லாம் சேர்ந்த மனிதர் சுப்பாராவ். 1940-ல் ஹார்வர்டை விட்டுவிட்டு நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே என்ற மருந்து நிறுவனத்துக்குப் போய், விரைவிலேயே அதன் ஆராய்ச்சி இயக்குநர் ஆனார்.

அடுத்த எட்டு வருடங்கள்தான் கதை.

ஒரு வைட்டமினைத் தேடியபோது

கதை மறுபடி இந்தியாவுக்கே வருகிறது. 1928 வாக்கில் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிப் பெண்களுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்தபோது அது குணமானது. அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

லெடர்லேயில் சுப்பாராவின் குழு ஈரலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க முயன்றது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் ஒரு பொருளை எப்படி அளப்பது? அங்கேதான் பாக்டீரியா வருகிறது. லாக்டோபசில்லஸ் கேசி என்ற, தயிர்க் குடும்பத்தைச் சேர்ந்த பாக்டீரியாவுக்கு அந்தப் பொருள் இல்லாவிட்டால் வளரத் தெரியாது. எந்தக் குழாயில் பாக்டீரியா நன்றாக வளர்ந்து கலங்குகிறதோ அதில்தான் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே வடிகட்டி வடிகட்டிப் போய் 1943-ல் ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் அதைப் படிகமாக எடுத்தார். 1945-ல் செயற்கையாகவே தயாரித்துவிட்டார்கள். அதுதான் ஃபோலிக் அமிலம்.

இன்று கர்ப்பமாக இருக்கும் ஒவ்வொரு பெண்ணும் சாப்பிடும் மாத்திரை. ட்ராபிகல் ஸ்ப்ரூ நோயாளிகளையும் அது எழுப்பி உட்கார வைத்தது. சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம், ஏனென்றால் நீல உறை விவகாரத்தின் முடிச்சு இதுதான். நமக்கும் ஃபோலிக் அமிலம் வேண்டும், பாக்டீரியாவுக்கும் வேண்டும். வித்தியாசம், நாம் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலான பாக்டீரியாக்கள் தாமே தயாரித்துக்கொள்கின்றன. 1930-களில் வந்த சல்ஃபா மருந்துகள் அந்தத் தயாரிப்பைத் தடுத்துத்தான் பாக்டீரியாவை முடக்கின. ஆக, ஒரே வேதிப்பாதையில் ஒரு பக்கம் வைட்டமின், மறுபக்கம் ஆன்டிபயாடிக்.

மூன்றாவதாக ஒன்றும் அதே பாதையில் காத்திருந்தது.

முதலில் அடிபட்டது பாக்டீரியா, பிறகு புற்றுநோய்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைப் பொருட்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாக ஏறியது போலத் தெரிந்தது. அப்படியென்றால் எதிர்மாறாகச் செய்தால்? ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும், ஆனால் வேலை செய்யாத ஒரு போலிச் சாவி. பூட்டில் போய் மாட்டிக்கொண்டு நிஜச் சாவியை நுழையவிடாமல் செய்வது. அத்தகைய போலிகளைத் தயாரித்துத் தந்தது சுப்பாராவின் ஆய்வகம். அந்த வேதிப்பொருட்கள் முதன்முதலாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கப்பட்டது குழந்தைகளிடம் அல்ல, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா வளர்த்த சோதனைக் குழாய்களில். பிற்காலத்தில் புற்றுநோய் மருந்து என்று பெயர் வாங்கியது, பாக்டீரியாவை நிறுத்திக் காட்டித்தான் தேர்வு பெற்றது.

1948 ஜூனில் ஃபார்பர் முடிவுகளை வெளியிட்டார். அமினோப்டெரின் கொடுக்கப்பட்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. தற்காலிகம் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும், அந்தக் குழந்தைகள் பிழைக்கவில்லை. ஆனால் அதற்கு முன் ரத்தப் புற்றுநோயில் தற்காலிகம்கூடக் கிடையாது. வேதி சிகிச்சையின் வரலாறு தொடங்கிய இடங்களில் அது ஒன்று.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். இன்றைக்குப் புற்றுநோய்க்கு மட்டுமில்லாமல், முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் வாரம் ஒருமுறை சாப்பிடும் மாத்திரை. உங்கள் அம்மாவோ அத்தையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மருந்துச் சீட்டைப் பாருங்கள், கூடவே ஃபோலிக் அமிலமும் எழுதியிருப்பார்கள். பக்கவிளைவைக் குறைக்க. ஒரே ஆய்வகத்தில் பிறந்த சாவியும் போலிச் சாவியும் ஒரே சீட்டில்.

ஹிட்சிங்ஸை நினைவில் வைக்கச் சொன்னேன் இல்லையா? அவர் இன்னொரு நிறுவனத்தில், அதே பூட்டுக்கு வேறொரு போலிச் சாவி செய்தார். அது மனிதச் செல்லின் பூட்டில் சரியாக மாட்டாது, பாக்டீரியாவின் பூட்டில் கச்சிதமாக மாட்டும். பெயர் ட்ரைமெத்தோப்ரிம். சல்ஃபாவோடு சேர்த்து விற்கும்போது செப்ட்ரான், பாக்ட்ரிம். அதற்கு நீல உறை. மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு நீல உறை இல்லை. இரண்டும் பிடிப்பது ஒரே நொதியை. ஆய்வகத்தில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸின் வளர்ச்சியை மெத்தோட்ரெக்ஸேட் தடுப்பதும் பதிவாகியிருக்கிறது. ஈ.கோலை போன்றவை அதை உள்ளே வந்த வேகத்தில் வெளியே தள்ளிவிடுவதால் தப்பிக்கின்றன. 24 சதவீதம் என்ற எண் ஏன் அவ்வளவு பெரிய ஆச்சரியம் இல்லை என்பது இப்போது புரியும்.

கேரளத்தின் ‘மந்து’

நாராணத்து பிராந்தன் கதை மலையாளிகள் எல்லோருக்கும் தெரியும். சுடுகாட்டில் பத்ரகாளி வரம் கேள் என்று வற்புறுத்த, இடது காலில் இருக்கும் மந்தை வலது காலுக்கு மாற்றிவிடு என்று கேட்டாராம். மந்து என்றால் யானைக்கால். கடவுளால்கூட இடம் மாற்றத்தான் முடியும் என்று ஒரு சமூகம் நம்பிவைத்திருந்த நோய்.

1930-களில் திருவிதாங்கூர் பொதுச் சுகாதாரத் துறையில் எம்.ஓ.டி. அய்யங்கார் என்ற பூச்சியியலாளர் இதைத் துருவி ஆராய்ந்தார். 1938-ல் வெளியான அவருடைய அறிக்கை இன்றும் இந்தத் துறையில் மேற்கோள் காட்டப்படுகிறது. சேர்த்தலைப் பகுதியில் நோயைப் பரப்பிய கொசுவின் புழுக்கள் குளத்து ஆகாயத்தாமரையின் வேரில் ஒட்டிக்கொண்டுதான் மூச்சுவிடும். செடியைப் பிடுங்கினால் கொசு இல்லை. தடுக்க வழி கிடைத்தது, ஆனால் உடம்புக்குள் ஏற்கெனவே புகுந்த புழுவுக்கு மருந்து இல்லை.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்களுக்கு யானைக்கால் புழு தொற்றியபோதுதான் அதற்கு அவசரம் வந்தது. (திருவிதாங்கூர்க்காரர்களின் கால் அதுவரை யாருக்கும் அவசரமாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.) சுப்பாராவின் குழு பருத்தி எலிகளில் நூற்றுக்கணக்கான பொருட்களைச் சோதித்து 1947-ல் டைஎத்தில்கார்பமாசின் என்ற மருந்தை அறிவித்தது. வணிகப் பெயர் ஹெட்ராசான். சுருக்கமாக டி.இ.சி. யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் 2004 முதல் இந்தியாவின் பாதிப்புள்ள மாவட்டங்களில் வீடு வீடாக வந்து விழுங்க வைத்த மாத்திரை அதுதான்.

டி.இ.சி.யில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு கண்ணாடித் தட்டில் யானைக்கால் நுண்புழுவை வைத்து அதன் மேல் டி.இ.சி.யை ஊற்றினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. உடம்புக்குள் போனால் ரத்தத்திலிருந்து புழு சட்டென்று காணாமல் போகும். மருந்து நேரடியாகக் கொல்வதைவிட, நம் நோய் எதிர்ப்பு செல்களிடம் புழுவைக் காட்டிக்கொடுக்கும் வேலையைத்தான் முக்கியமாகச் செய்கிறது. பயோஃபிலிம் ஆய்வாளர்கள் இன்று எதிர்பார்ப்பது கிட்டத்தட்ட இதே ரகம்: எதிரியைக் கொல்லாதே, அதன் மறைவிடத்தைக் கலை, மீதியை உடம்போ வேறு மருந்தோ பார்த்துக்கொள்ளும். அதோடு ஓர் எச்சரிக்கையும் இதில் இருக்கிறது. கண்ணாடித் தட்டில் நடப்பதும் உடம்பில் நடப்பதும் ஒன்றல்ல. டி.இ.சி.க்கு அது சாதகமாகப் போனது. தட்டில் பயோஃபிலிமைக் குறைத்துக் காட்டும் எத்தனையோ மருந்துகளுக்கு அது பாதகமாகத்தான் போகிறது. தட்டில் பயன்படுத்திய செறிவு ரத்தத்தில் எட்டவே முடியாததாக இருக்கும். ஒரு பாக்டீரியாவில் குறைத்தது இன்னொன்றில் கூட்டிவிடும்.

கடைசி மூன்று வாரங்கள்

ஆன்டிபயாடிக்கும் அந்த ஆய்வகத்திலிருந்து வந்தது. எழுபது வயதைத் தாண்டி ஓய்வு பெற்றிருந்த பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளரை லெடர்லே வேலைக்கு எடுத்திருந்தது. ஊர் ஊராக வந்த மண் மாதிரிகளில் மிசௌரி பல்கலைக்கழக வயலின் மண்ணிலிருந்து ஒரு தங்க நிற நுண்ணுயிர் கிடைத்தது. அது சுரந்த மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயரிட்டார்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் பிள்ளை. 1948 ஜூலையில் நியூயார்க்கில் அறிவிக்கப்பட்டது.

ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்துபோனார். வயது 53. அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே கால் நூற்றாண்டு வாழ்ந்திருந்தார்.

அவர் இறந்தபிறகு நடந்ததை அவர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆனால் விட்டுவிடவும் முடியாது. அதே லெடர்லேயில், ஃபோலிக் அமிலத்தைப் படிகமாக்கிய அதே ஸ்டாக்ஸ்டாட்டும் தாமஸ் ஜூக்ஸும், ஆரியோமைசின் தயாரித்த பிறகு மிஞ்சிய கழிவைக் கோழிக் குஞ்சுகளுக்குப் போட்டார்கள். அதில் பி12 வைட்டமின் இருக்கும் என்பதுதான் எண்ணம். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக எடை போட்டன. காரணம் வைட்டமின் மட்டுமில்லை, கழிவில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக். 1950-ல் அறிவிப்பு வந்தது, உலகம் முழுக்கத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது தொடங்கியது. கடைசிக்கட்ட ஆயுதமான கொலிஸ்டினைக் கோழிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று இந்தியா தடை போடவே 2019 ஆனது. திருவனந்தபுரத்தில் நீல உறை தேவைப்படும் நிலைமைக்கு வந்து சேர்ந்த பாதைகளில் ஒன்று அந்தக் கோழிக் கூண்டிலிருந்துதான் கிளம்புகிறது.

டெட்ராசைக்ளின் குடும்பமும் கோட்டைத் தாண்டிக்கொண்டேதான் இருக்கிறது. யானைக்கால் புழுவின் உடம்புக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது, அது இல்லாமல் புழுவால் குட்டி போட முடியாது. நாலு முதல் ஆறு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பாக்டீரியா சாகும், புழு மலடாகும். ஆன்டிபயாடிக் புழு மருந்தாகிவிட்டது. பல் ஈறு நோயிலோ நேர்மாறு. அது பல்லில் படியும் பயோஃபிலிமால் வரும் நோய். அதற்கு அமெரிக்கா 1998-ல் அனுமதித்த ஒரு மாத்திரை வெறும் 20 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின்தான். பாக்டீரியாவைக் கொல்ல அந்த அளவு போதாது, கொல்வது நோக்கமும் இல்லை. ஈறைக் கரைக்கும் நம் சொந்த நொதியை அது தடுக்கிறது. ஆன்டிபயாடிக்கே ஆன்டிபயாடிக் அல்லாத மருந்தாக வேலை பார்க்கிறது. இதை எந்த நிற உறையில் போடுவது?

அப்போ, ஆன்டிபயாடிக் அல்லாத மருந்தென்றால் ஆபத்தில்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் சொன்ன 2018 ஆய்விலேயே இன்னொரு கண்டுபிடிப்பும் இருந்தது. ஆன்டிபயாடிக்குகளைத் தாக்குப்பிடிக்கும் பாக்டீரியாக்கள், மற்ற மருந்துகளையும் கூடுதலாகத் தாக்குப்பிடித்தன. இரண்டுக்கும் ஒரே தற்காப்பு முறை பயன்படுகிறது என்பதற்கான அறிகுறி அது. அதாவது, நீல உறைக்குள் வராத மருந்தை வருடக்கணக்கில் விழுங்குவதும் குடல் பாக்டீரியாவுக்குப் பயிற்சி கொடுப்பதாக ஆகலாம். எனவே பயோஃபிலிமுக்கு நல்லதாமே என்று யாரும் தாமாக எதையும் வாங்கிச் சாப்பிடத் தேவையில்லை. மெத்தோட்ரெக்ஸேட் மாதிரியான மருந்தை வாரம் ஒன்றுக்குப் பதில் தினம் ஒன்று என்று தவறாகச் சாப்பிட்டவர்கள் இறந்திருக்கிறார்கள்.

குழாய், வால்வு, மூட்டு இவற்றின் மேல் பூசும் பூச்சாகப் பயன்படுத்துவதுதான் இப்போதைக்கு நியாயமான எதிர்பார்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. வாய்வழி விழுங்கும்போது எட்டாத செறிவு, பரப்பின் மேலேயே பூசினால் எட்டும். உடம்பு முழுக்கப் பரவவும் வேண்டியதில்லை.

சுப்பாராவுக்கு நோபல் கிடைக்கவில்லை. இந்திய அஞ்சல் துறை 1995-ல் நூற்றாண்டுக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. அதற்கு நாற்பது வருடம் முன்பே, லெடர்லேயில் வேலை பார்த்த ஹெசல்டைன் என்ற பூஞ்சையியலாளர் தான் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு பூஞ்சைப் பேரினத்துக்கு அவர் பெயரை வைத்திருந்தார்: சுப்பாரோமைசஸ். 1953-ல். அது கிடைத்த இடம், கழிவுநீரைக் கற்களின் மேல் சொட்டவிட்டுச் சுத்தம் செய்யும் வடிகட்டி. அந்தக் கற்களின் மேல் நுண்ணுயிர்கள் சேர்ந்து கட்டும் வழவழப்பான படலம்தான் அந்த வடிகட்டியை வேலை செய்ய வைப்பது. அந்தப் படலத்தில்தான் சுப்பாரோமைசஸ் வாழ்கிறது.